பன்னிரண்டு எம்எம் வலையும் ஒரு லோடு முக்கால் ஜல்லியும்

ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்ப்பவனுக்கு ஜல்லி அனுப்புகிறவர்களோடு தகராறு வருவது புதிதல்ல. சென்ற கோடையில் வந்த ஒரு தகராறு மட்டும் மனதில் அடங்காமல் கிடந்தது. காரணம், அதில் இரண்டு தரப்புமே உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கிணத்துக்கடவுப் பக்கத்தில் கல் உடைக்கும் கிரஷர் ஒன்றிலிருந்து வந்த முக்கால் ஜல்லியை, அதாவது 20 மி.மீ. ஜல்லியை, எங்கள் ஆய்வகத்தில் சலித்துப் பார்த்தபோது 10 மி.மீ. சல்லடைக்குக் கீழே இறங்கியதன் எடை மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. அடித்தட்டில் கல்தூசி வேறு படிந்திருந்தது. ஒற்றை அளவு 20 மி.மீ. ஜல்லியில் 10 மி.மீ. சல்லடை வழியே போகக்கூடியது அதிகபட்சம் 20 சதவீதம், 4.75 மி.மீ. சல்லடை வழியே போகக்கூடியது 5 சதவீதம் என்று இந்தியத் தரநிலை ஐஎஸ் 383 சொல்கிறது. லோடைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னதும் கிரஷரின் ஃபோர்மேன் போனில் கேட்ட கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது: “ஏனுங் சார், நீங்களே வந்து வலையப் பாத்துக்குங்க. பன்னெண்டு எம்எம் வலைதானுங்க போட்டிருக்கு, போன வாரந்தான் புதுசு மாத்துனோம். பன்னெண்டுக்குக் கீழ இருக்கறது வலைக்கு மேல எப்படீங்க நிக்கும்?”

நியாயமான கேள்வி. சல்லடை என்றால் நம் எல்லோர் மனதிலும் இருக்கிற கணக்கு அதுதான். கண்ணிக்குச் சிறியது விழும், பெரியது நிற்கும். கண்ணியின் அளவைச் சொல்லிவிட்டால் சரக்கின் அளவைச் சொல்லியாயிற்று. ஜல்லி வாங்குகிறவரும் விற்கிறவரும் இதை நம்பித்தான் ‘இருபது எம்எம்’, ‘பன்னிரண்டு எம்எம்’ என்று பேசிக்கொள்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் எங்கள் ஆய்வகத் தட்டில் கிடந்த பொடிக்கும் எப்படி ஒத்துப்போகும் என்பதைப் பார்க்கத்தான் நான் அங்கே போனேன்.

அங்கே இருந்தது மூன்று அடுக்கு ஸ்கிரீன், அதாவது அதிர்ந்து அதிர்ந்து சலிக்கும் பெரிய சல்லடை. ஆறடி அகலம், இருபதடி நீளம். கோன் கிரஷரில் உடைந்து வரும் கல் அத்தனையும் கன்வேயர் வழியாக அதன் தலையில் கொட்டுகிறது. மேல் அடுக்கில் 22 மி.மீ. வலை. அதில் இறங்காமல் மேலேயே நிற்கிற பெரிய கல் மறுபடி கிரஷருக்கே திரும்பிவிடும். நடு அடுக்கில் 12 மி.மீ. வலை, இதன்மேல் நின்று முன்பக்கம் வந்து விழுவதுதான் முக்கால் ஜல்லி. கீழ் அடுக்கு 6 மி.மீ.; அதன்மேல் நிற்பது அரை ஜல்லி, அதற்கும் கீழே போவது மணல் இயந்திரத்துக்கோ குவாரி டஸ்ட் குவியலுக்கோ போகும். நான் ஏணியில் ஏறி நடு அடுக்கைப் பார்த்தேன். ஃபோர்மேன் சொன்னதில் பொய்யில்லை. வெர்னியர் வைத்து அளந்ததில் கண்ணி 12 மி.மீ.தான் இருந்தது, கம்பி 3 மி.மீ. வலை இழுத்துக் கட்டப்பட்டிருந்தது, கிழிசல் இல்லை, அடைப்பும் இல்லை. அது மழை இல்லாத காலம், கல் காய்ந்து கிடந்தது. வலை சரியாக இருக்க, ஜல்லி தவறாக இருந்தது.

அதிர்வு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஸ்கிரீனின் பக்கத் தகட்டில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போது கூரான பென்சிலை அசையாமல் பிடித்து அதன்மேல் லேசாகத் தொட்டு எடுக்க வேண்டும். கை எதையும் வரைவதில்லை; தகடுதான் ஆடி ஆடித் தன் பாதையைத் தாளில் வரைந்துகொள்கிறது. நான்கு மூலையிலும் எடுத்தேன். நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஒரு சின்ன வட்டம் விழுந்தது. குறுக்களவு 8 மி.மீ. ஒரு மூலையில் மட்டும் வட்டம் நசுங்கி நீள்வட்டமாக வந்திருந்தால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அப்படி ஒன்றும் இல்லை.

அந்த 8 மி.மீ. வட்டத்துக்குள் இந்த இயந்திரத்தின் முழு வேலையும் அடங்கியிருக்கிறது. ஒரு தண்டில் மையம் விலக்கிப் பொருத்திய எடைகள். அந்தத் தண்டை மோட்டார் நிமிடத்துக்கு 900 சுற்று சுழற்றுகிறது. எடை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்டி முழுவதும் இழுபடுகிறது. 4 மி.மீ. ஆரத்தில், விநாடிக்கு 15 சுற்று வேகத்தில் நிகழும் அசைவின் முடுக்கத்தைக் கணக்கிட்டால் புவியீர்ப்பைப் போல் மூன்றரை மடங்குக்குச் சற்று மேலே வரும். அதனால்தான் கல் வலையில் வழுக்கிக்கொண்டு போகாமல் ஒவ்வொரு சுற்றிலும் எகிறி எகிறி விழுகிறது. பெட்டியைச் சுமக்கும் ஸ்பிரிங்குகளின் இயல்பான ஆட்டம் மிக மெதுவானது, நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டி. ஓடும் வேகம் அதைவிட எவ்வளவோ மேலே இருப்பதால்தான் அதிர்வு கீழே கட்டடத்துக்கு அதிகம் இறங்குவதில்லை. இதை நேரில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்கிரீனை நிறுத்தும் நேரத்தில் அங்கே நிற்க வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்ததும் சுழற்சி மெல்லக் குறைந்து, அந்த 200-ஐக் கடக்கும் சில விநாடிகளில் அதுவரை சீராக ஆடிய பெட்டி பேய் பிடித்ததைப் போல் குதிக்கும். பிறகு சட்டென்று அடங்கிவிடும். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் ஏதோ உடைந்துவிட்டதென்று பயந்து விலகுவது இந்த நேரத்தில்தான்.

ஒரு கல்லுக்கு எத்தனை வாய்ப்பு

வலையும் சரி, அதிர்வும் சரி என்றானபின் ஊர் திரும்பி ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு கல் வலைமேல் விழுகிறது. அது உருண்டையானது, நேராகக் கீழே விழுகிறது, கம்பியைத் தொட்டால் தெறித்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். கண்ணி 12, கம்பி 3 என்றால் ஒரு கட்டத்தின் மொத்த அகலம் 15 மி.மீ. 6 மி.மீ. கல் கம்பியைத் தொடாமல் இறங்க வேண்டுமானால் அதன் நடுப்புள்ளி 6 மி.மீ. அகலமுள்ள ஒரு சதுரத்துக்குள் விழ வேண்டும். பதினைந்தில் ஆறு, அதன் வர்க்கம். அதாவது ஆறு தடவை விழுந்தால் ஒரு தடவை இறங்கிவிடும். 10 மி.மீ. கல்லுக்கு இது 56-ல் ஒன்று. 11 மி.மீ. கல்லுக்கு 225-ல் ஒன்று. கண்ணியைவிட ஒரு மில்லிமீட்டர்தான் குறைவு, ஆனாலும் இருநூறு தடவைக்கு மேல் குதித்தால்தான் சராசரியாக ஒரு முறை வழி கிடைக்கும்.

இனி அந்தக் கல்லுக்கு எத்தனை குதிப்பு கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். ஸ்கிரீன் சரிவாக இருக்கிறது, கல் மீட்டருக்கு இரண்டு விநாடி என்ற வேகத்தில் கீழே நகர்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறு மீட்டர் நீளத்தைக் கடக்க 12 விநாடி. விநாடிக்கு 15 குதிப்பு வீதம் 180 வாய்ப்பு. 6 மி.மீ. கல் முதல் அரை மீட்டருக்குள் பெரும்பாலும் காணாமல் போய்விடும். 10 மி.மீ. கற்களில் நூற்றுக்கு நான்கு மட்டும் தப்பித்து முன்னே வந்து சேரும். 11 மி.மீ. கற்களிலோ ஏறக்குறையப் பாதி, கண்ணியைவிடச் சிறியதாக இருந்தும், வலைமேலேயே சவாரி செய்து முக்கால் ஜல்லியோடு போய் விழுந்துவிடும். வலை சரிந்திருப்பதால் மேலிருந்து விழும் கல்லுக்குக் கண்ணி இன்னும் குறுகலாகத்தான் தெரியும் என்பதைச் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம். உண்மையான கல் உருண்டை அல்ல, கம்பியில் பட்டு உள்ளே சாய்வதும் உண்டு. ஆகவே இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ளக் கூடாது. என்றாலும் போக்கு இதுதான். கண்ணி என்பது திறந்தும் மூடியும் இருக்கிற கதவு அல்ல. ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு வாய்ப்பைத் தருகிற இடம். கண்ணி அளவில் பாதிக்கும் ஒன்றரை மடங்குக்கும் இடைப்பட்ட கற்களைத்தான் இத்தொழிலில் இருப்பவர்கள் கடினமான சரக்கு என்பார்கள். அதில் பெரிய பாதி கண்ணியில் செருகி அடைத்துக்கொள்ளும்; சின்னப் பாதி இறங்க மனமில்லாமல் கடைசிவரை குதித்துக்கொண்டே போகும்.

இதைக் கணக்குப் போட்டபின் தரநிலையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒற்றை அளவு 20 மி.மீ. ஜல்லியில் 20 மி.மீ. சல்லடையில் இறங்க வேண்டியது 85 முதல் 100 சதவீதம் வரை என்று இருக்கிறது. அதாவது ‘இருபது எம்எம்’ என்று விற்கப்படும் ஜல்லியில் 15 சதவீதம் இருபதைவிடப் பெரியதாக இருந்தாலும் அது தரநிலைப்படி இருபது எம்எம்தான். வருடக்கணக்கில் இந்த அட்டவணையைப் பார்த்து டிக் போட்டு வருகிறேன். இது ஏதோ வியாபாரிகளுக்குக் காட்டிய சலுகை என்று பேசுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். சலுகை அல்ல. இந்த இயந்திரத்தால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்தவர்கள் எழுதிய எண் அது.

ஆனால் என் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது. 11 மி.மீ. கல் தப்பி வருவதை வாய்ப்பால் விளக்கலாம். எங்களுக்கு வந்த லோடில் இருந்தது அது மட்டுமல்லவே, 3 மி.மீ. துகளும் தூசியும் இருந்தன. 3 மி.மீ. துகளுக்கு ஒவ்வொரு குதிப்பிலும் மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. அப்படி 180 முறை குதித்த பிறகும் அது வலைமேல் இருக்கிறதென்றால், அது வலையைத் தொடவே இல்லை என்றுதான் பொருள்.

வலையைத் தொடாத கல்

மறுபடி போனபோது நான் வலையைப் பார்க்கவில்லை; வலைமேல் என்ன ஓடுகிறது என்பதைப் பார்த்தேன். நடு அடுக்கின் முன்விளிம்பில், ஜல்லி கன்வேயரில் விழும் இடத்தில், பக்கவாட்டில் நின்றால் ஓடுகிற கல் படுகையின் கனம் தெரியும். ஃபோர்மேனிடம் சொல்லி, கல்லை ஊட்டும் ஃபீடரையும் ஸ்கிரீனையும் ஒரே நேரத்தில் நிறுத்தச் செய்தோம். யாரும் இயக்கிவிடாதபடி பூட்டுப் போட்டுச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, முன்விளிம்பில் ஸ்டீல் ஸ்கேலைச் செருகிப் பார்த்தேன். ஏறக்குறைய அரைச் சாண் ஆழம் இருந்தது. கையால் அந்தப் படுகையைப் பிளந்து பார்த்ததில், மேலே பெரிய கல், கீழே சிறிய கல் என்ற ஒழுங்கு பாதிதான் நடந்திருந்தது. இடுக்குகளில் பொடி அப்படியே சிக்கிக் கிடந்தது.

அரிசி கொழிப்பவர்கள் முறத்தில் ஒரு படிக்கு மேல் போட மாட்டார்கள். எவ்வளவு கைப்பழக்கம் இருந்தாலும் நிறையப் போட்டால் குறுநொய் அரிசிக்குள்ளேயே சுற்றும், விளிம்புக்கு வராது. ஸ்கிரீனிலும் நடப்பது இதுதான். வலை செய்கிற வேலை இரண்டாவது வேலை. முதல் வேலையைச் செய்வது படுகை. அதிர்வில் கற்கள் விலகி விலகிச் சேரும்போது பெரிய கற்களுக்கு இடையே தோன்றும் இடைவெளிகளில் சிறியவை சறுக்கிக் கீழே இறங்குகின்றன; இறங்கிய இடத்தைப் பெரியது மறுபடி பிடித்துக்கொள்ள முடியாது. இப்படிச் சிறியவை எல்லாம் வலைவரை வந்துசேர்ந்த பிறகுதான் கண்ணி, கம்பி, வாய்ப்பு என்ற கணக்கே தொடங்குகிறது. படுகை தடிமனாக இருந்தால், இறங்கி வருவதற்குள் ஸ்கிரீன் முடிந்துவிடும். முன்விளிம்பில் படுகையின் கனம் கண்ணி அளவைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது என்பது இத்தொழிலில் வெகுகாலமாகப் புழங்கும் கட்டைவிரல் கணக்கு. 12 மி.மீ. வலைக்கு அது 5 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே இருந்தது அதைப் போல் இரண்டு மடங்கு.

நடு அடுக்குக்கு இன்னொரு குறையும் உண்டு. மேல் அடுக்குக்கு முழு இருபதடியும் பயன்படுகிறது. அங்கே கல் அடுக்குப் பிரிந்து, இறங்கி, முன்னோக்கிச் சாய்ந்து விழுவதற்குள் நடு அடுக்கின் முதல் சில அடிகள் சும்மா ஆடிக்கொண்டிருக்கின்றன. கீழ் அடுக்கில் இப்படி வீணாவது இன்னும் கொஞ்சம் அதிகம். நுண்ணிய சரக்குக்குத்தான் அதிக இடமும் நேரமும் வேண்டும். அதற்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. இடத்தை மிச்சப்படுத்த மூன்று நான்கு வலைகளை ஒரே பெட்டிக்குள் அடுக்கியதற்குத் தருகிற விலை அது.

ஃபோர்மேன் என்ன நினைத்தாரோ, பேசாமல் போய் ஃபீடர் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பத்து நிமிடம் ஓடவிட்டோம். கண்ணுக்கே வித்தியாசம் தெரிந்தது. முன்விளிம்பில் சாம்பல் கம்பளிபோல் ஒரே மொத்தையாக நகர்ந்த சரக்கு, தனித்தனிக் கல்லாகக் குதித்து வரத் தொடங்கியது; விழும் இடத்தில் எழுந்த தூசி குறைந்தது. அதிலிருந்து எடுத்த மாதிரியை எங்கள் ஆய்வகத்தில் சலித்தபோது 10 மி.மீ.க்குக் கீழே இருந்தது தரநிலைக்குள் வசதியாக அடங்கிவிட்டது. அதே வலை, அதே 8 மி.மீ. வட்டம், அதே மோட்டார். ஃபோர்மேனின் முகத்தில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. “இப்படி ஓட்டுனா ஒரு ஷிப்டுக்கு எத்தன யூனிட் குறையுமுன்னு மொதலாளி கேப்பாருங்க” என்றார்.

குறைத்து ஓட்ட யார் பணம் கொடுப்பார்கள்

நான் இதில் கிரஷர்க்காரரை மட்டும் குற்றம் சொல்லத் தயாராக இல்லை. நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் விற்கும் சரக்கில், வாங்குகிறவர் கேட்கும் முதல் கேள்வி யூனிட் என்ன விலை என்பது. இரண்டாவது கேள்வி இன்றைக்கே வருமா என்பது. சல்லடை விவரத்தைக் கேட்பவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஹெச்.டி. எனப்படும் உயர் அழுத்த மின் இணைப்புக்கு, இயந்திரம் நிறைய ஓடினாலும் குறைய ஓடினாலும் டிமாண்ட் சார்ஜ் என்ற கட்டணத்தைக் கட்டியாக வேண்டும். கூலி, வங்கித் தவணை எதுவும் ஃபீடர் வேகத்தைப் பார்த்துக் குறைவதில்லை. அதே சமயம், மலிவாகப் போக வேண்டிய டஸ்ட் முக்கால் ஜல்லியின் விலைக்குப் போவதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேண்டுமென்று கலக்கிறார் என்று சொல்லவில்லை. சரிசெய்ய அவசரப்படவும் மாட்டார். அந்தப் பொடி எங்களிடம் வந்து கான்கிரீட்டில் தண்ணீரைக் குடிக்கும். கல்லின்மேல் பூச்சாக ஒட்டிக்கொண்டு சிமென்ட் பிடிப்பதைக் கெடுக்கும். தளத்தில் கலவை இறுகிவிட்டதென்று யாராவது ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார். கடைசிச் செலவு வீடு கட்டுகிறவருடையது.

வேகமாக ஓட்டியும் சுத்தமாகப் பிரிக்க வேண்டும் என்றால் அதிர்வைக் கூட்டினால் போதாதா என்று கிரஷர் முதலாளி பிறகு கேட்டார். பல இடங்களில் செய்கிறார்கள். கூடுதல் எடை போடுகிறார்கள் அல்லது புல்லியை மாற்றிச் சுற்றைக் கூட்டுகிறார்கள். வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் விசை 21 சதவீதம் கூடும். ரோலர் பேரிங்கின் ஆயுளோ சுமை இரட்டிப்பானால் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். பேரிங் தாக்குப்பிடித்தாலும் பக்கத் தகட்டில் மயிரிழை போல் விரிசல் விடும்; அவசரத்துக்கு அதன்மேல் வெல்டிங் வைத்தால், வெல்டிங்கின் ஓரத்திலிருந்தே அடுத்த விரிசல் கிளம்பும். இத்தனைக்கும் பிறகு கல் உயரமாகக் குதிக்கும், ஆனால் வலையைத் தொடும் தடவை கூடாது. படுகையை அளவுக்கு மீறி மெலிதாக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. மேலே அழுத்த ஆள் இல்லாமல் சிறு கற்கள் வலையில் பட்டுப் பட்டுத் தெறித்துப் போய்விடும். ஆகவே குறைத்து ஓட்டு என்றால் பட்டினி போடு என்று பொருளில்லை. நாங்கள் கடைசியாக ஒப்புக்கொண்டது, யூனிட்டுக்குச் சிறிது கூடுதல் விலை, முன்விளிம்பில் 5 சென்டிமீட்டருக்கு மேல் படுகை போகாதபடி ஃபீடர் அளவுக்கு ஒரு குறி, ஒவ்வொரு லோடுக்கும் எங்கள் வாசலில் ஒரு சலிப்பு. இந்த ஏற்பாடு கோடை முழுவதும் ஒழுங்காக நடந்தது.

ஐப்பசி பிறந்ததும் கதை மாறிவிட்டது. முழுக்கக் காய்ந்த சரக்கும் பிரியும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக்கொண்டே சலித்தாலும் பிரியும். நடுவே, கையில் பிடித்தால் ஒட்டுகிற ஈரம் இருக்கிறதே, அதில்தான் பொடி பெரிய கல்லோடு பசைபோல் ஒட்டிக்கொண்டு கண்ணிகளையும் பூசி மூடிவிடுகிறது. வலைக்குக் கீழே தட்டு அமைத்து ரப்பர் பந்துகளைப் போட்டு அவை துள்ளித் துள்ளி வலையைத் தட்டும்படி செய்தார்கள். கீழ் அடுக்குக்கு ஓரளவு உதவியது. குறுக்குக் கம்பி குறைத்து, ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே நடுங்கும்படி கட்டிய வலையும் இருக்கிறது; அது சீக்கிரம் தேய்கிறது. கொட்டுமழை நாட்களில் கழுவிய ஜல்லிக்கு வேறு இடம் பார்த்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

சல்லடை பார்க்க முடியாத இன்னொன்று கல்லின் வடிவம். 30 மி.மீ. நீளமும் 15 மி.மீ. அகலமும் உள்ள சப்பைக் கல் செங்குத்தாக நின்று 20 மி.மீ. கண்ணியில் நுழைந்துவிடும், கண்ணிக்கு அதன் நீளம் தெரியாது. அதனால்தான் ஐஎஸ் 383 சப்பைக்கும் நீளத்துக்கும் சேர்த்து 40 சதவீதம் என்று தனியாக ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதை ஸ்கிரீனில் சரிசெய்ய முடியாது. கிரஷரில்தான் சரிசெய்ய வேண்டும்.

வீடு கட்டும் நண்பர்கள் இப்போது ஜல்லி லோடைப் பார்க்க என்னைக் கூப்பிட்டால், லாரி மேலேயிருந்து கைப்பிடி அள்ளிக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. குண்டும் குழியுமான சாலையில் ஒரு மணி நேரம் குலுங்கி வந்த லாரியில் பொடி எல்லாம் அடிக்குப் போயிருக்கும். மேலே தெரிவது கழுவி வைத்ததுபோல் அழகான முக்கால் ஜல்லியாகத்தான் இருக்கும். இறக்கிய பிறகும் குவியலின் அடிவிளிம்பில் எடுக்கக் கூடாது. பெரிய கல் உருண்டு அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கும். குவியலைச் சுற்றி நாலைந்து இடத்தில், மேற்பரப்பை ஒதுக்கிவிட்டு உள்ளேயிருந்து ஒவ்வொரு மண்வெட்டி அள்ளி, எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். லாரி டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருப்பார். அடிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான்.